ஏட்டுச் சுரைக்காய் லாபம்: கம்பெனி கணக்கு கெட்டால் திட்டக்குடி விவசாயியின் சிபில் ஏன் கெடுகிறது?

கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில், பெண்ணாடத்தை ஒட்டிய இறையூரில் இருக்கிறது அம்பிகா சர்க்கரை ஆலை. அதே குழுமத்தின் திருஆரூரான் ஆலை, விருத்தாசலம் பக்கம் ஏ.சித்தூரில் இருக்கிறது. இந்த ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய விவசாயிகள் பல வருடங்களாக இரண்டு புகார்களைச் சொல்லி வருகிறார்கள். ஒன்று, அனுப்பிய கரும்புக்குப் பணம் முழுசாக வரவில்லை. இன்னொன்று, தங்கள் பெயரில் தங்களுக்கே தெரியாமல் வங்கிகளில் கடன் வாங்கப்பட்டிருக்கிறது.

முதல் புகார் தமிழ்நாட்டின் கரும்புக் காடுகளுக்குப் புதுசில்லை. இரண்டாவதுதான் ஆளை உலுக்குவது. நகைக்கடனோ, பிள்ளையின் படிப்புக்கான கடனோ கேட்டு வங்கிக்குப் போகும்போது, “உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு பயிர்க்கடன் பாக்கி இருக்கே” என்ற பதில் வந்தால், அந்தக் குடும்பத்தின் அடுத்த சில வருடத் திட்டம் மொத்தமும் அங்கேயே நின்றுபோகிறது.

இதைப் பெரும்பாலும் விவசாயிகள் பிரச்சினையாகவே பேசி முடித்துவிடுகிறோம். ஆனால் இதற்குள் ஒரு நிதிக் கேள்வி இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு ஏன் இன்னொருவர் பெயரில் கடன் தேவைப்பட வேண்டும்? தன் பெயருக்குக் கடன் கிடைக்கும்வரை யாரும் அடுத்தவர் பெயரைத் தேடிப் போவதில்லை. விவசாயிகளின் புகாரை அப்படியே எடுத்துக்கொண்டால், கதை கடன் வாங்கிய நாளில் தொடங்கவில்லை. ஆலையின் சொந்தப் பெயருக்கு மதிப்பு குறையத் தொடங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது.

கம்பெனியின் பெயருக்கு இருக்கும் அந்த மதிப்பைத்தான் நிதி உலகம் ‘நிதி நெகிழ்வு’ என்கிறது. அதைத் தாங்கி நிற்பவை இரண்டு: லாபக் கணக்கின் தரம், நிர்வாகத்தின் நேர்மை.

நிதி நெகிழ்வு என்றால் என்ன?

ஒருவர் திடீரென்று வேலை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் தாக்குப்பிடிக்க அவருக்கு என்ன இருக்கிறது? கொஞ்சம் வைப்புத்தொகை, இன்னும் தொடாத கிரெடிட் கார்டு வரம்பு, விற்கக்கூடிய நகை, கேட்டால் கொடுக்கும் அண்ணன். நல்ல காலத்தில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கெட்ட காலத்தில் இவை மட்டும்தான் தெரியும்.

கம்பெனிக்கும் அப்படியே. கையிருப்புப் பணம், வங்கியில் இன்னும் பயன்படுத்தாத கடன் வரம்பு, விற்றால் விலைபோகும் சொத்து, புதிதாகப் பங்கு வெளியிட்டால் வாங்க ஆள். மழை பொய்த்தாலும் விலை விழுந்தாலும், சம்பளமும் சரக்குப் பணமும் நிற்காமல் போவது இவற்றால்தான்.

இவற்றில் முதலாவதைத் தவிர மற்றதெல்லாம் வெளியாட்கள் கையில் இருக்கிறது. வங்கி நம்ப வேண்டும், முதலீட்டாளர் நம்ப வேண்டும். அவர்கள் ஆலைக்குள் வந்து மூட்டைகளை எண்ணிப் பார்ப்பது எப்போதாவதுதான். தினமும் அவர்கள் நம்புவது கணக்குப் புத்தகத்தை. அந்தப் புத்தகம் சொல்லும் லாபம் நிஜமா, அதை எழுதியவர்களைக் கேள்வி கேட்க உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கம்பெனிக்குக் கிடைக்கும் கடனின் அளவையும் வட்டியையும் தீர்மானிக்கிறது.

லாபத்துக்கு ஏது தரம்?

ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 12 லட்சம் சி.டி.சி. என்று போட்டிருக்கும். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் வருவது வேறு தொகை. பி.எஃப்., கிராஜுவிட்டி, ‘இலக்கை எட்டினால் போனஸ்’ என்று பல உருப்படிகள் காகிதத்தில் இருக்கும். கைக்கு வராது, அல்லது எப்போது வரும் என்று தெரியாது. வாடகை கொடுக்க உதவுவது கைக்கு வந்த சம்பளம்தான்.

கம்பெனியின் லாபமும் சி.டி.சி. மாதிரிதான். சரக்கை விற்று பில் போட்ட அன்றே, பணம் வராவிட்டாலும், வருமானமாக எழுத வேண்டும் என்பது கணக்கியல் முறை. அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் ஒருநாள் வந்து சேர வேண்டும். வராத பாக்கியையும், விற்காத சரக்கையும், ‘எதிர்காலத்தில் வரும்’ என்ற மதிப்பீட்டையும் வைத்து லாபம் காட்டிக்கொண்டே போனால் அது ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது, கடன் தவணைக்கும் உதவாது.

1996-ல் அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்லோன் இதை எண்களால் காட்டினார். லாபத்தில் ரொக்கமாக வந்த பகுதி அடுத்தடுத்த வருடங்களிலும் நீடிக்கிறது. கணக்கியல் மதிப்பீட்டால் வந்த பகுதி அந்த அளவுக்கு நீடிப்பதில்லை என்பது அவரது முடிவு. ‘லாபத்தின் தரம்’ என்பதன் சாரம் இதுதான்.

சர்க்கரை ஆலைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்?

சர்க்கரை ஆலையின் பணச் சுழற்சியே கொஞ்சம் விபரீதமானது. சில மாத அரவைப் பருவத்தில் வருடம் முழுமைக்குமான கரும்பை வாங்கியாக வேண்டும். 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்த 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் தர வேண்டும். தாமதமானால் வருடத்துக்கு 15 சதவீத வட்டி. ஆனால் சர்க்கரையோ வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விற்கும். 2018 முதல் எந்த மாதம் எவ்வளவு விற்கலாம் என்பதற்கும் மத்திய அரசு அளவு வைக்கிறது.

செலவு முன்னால், வரவு பின்னால். நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவது வங்கிக் கடன். குடோனில் இருக்கும் சர்க்கரை மூட்டைகளை அடமானமாக வைத்து ஆலைகள் கடன் வாங்குகின்றன. சர்க்கரை விலை விழுந்தால் அடமானத்தின் மதிப்பு விழும், கடன் வரம்பும் சுருங்கும். அதாவது, பணம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் கடன் குறைவாகக் கிடைக்கும்.

இப்படிப்பட்ட தொழிலில் கணக்கில் சின்ன வளைவுகூடப் பெரிய விளைவைத் தரும். இருப்புச் சர்க்கரைக்கு விற்கக்கூடிய விலையைவிடக் கூடுதலாக மதிப்புப் போட்டால், அந்த வருட லாபம் ஊதிவிடும். ஆலையின் இணை மின்நிலையத்திலிருந்து மின்வாரியத்துக்கு விற்ற கரண்டுக்கு வரவேண்டிய பாக்கி வருடக்கணக்கில் நின்றால், லாபம் ஏட்டில் இருக்கும், காசு இருக்காது.

அடிக்குறிப்பில் ஒளிந்த கோடிகள்

தமிழ்நாட்டுக்கே உரிய உதாரணம் ஒன்று உண்டு. 2013-14 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த நியாயமான ஆதாய விலை டன்னுக்கு 2,100 ரூபாய். மாநில அரசு பரிந்துரைத்த விலை 2,650 ரூபாய். இந்த வித்தியாசத்தைத் தர முடியாது என்று தனியார் ஆலைகள் நின்றன. 2013-14 முதல் 2016-17 வரையிலான அந்தப் பாக்கியைக் கேட்டு விவசாயிகள் சங்கங்கள் போராடின. 2017-18-ல் மாநில அரசு பரிந்துரை விலை முறையையே விட்டு, வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. வருடத்துக்கு 5 லட்சம் டன் அரைக்கும் ஆலை. டன்னுக்கு 550 ரூபாய் வித்தியாசம். மொத்தம் 27.5 கோடி ரூபாய். இதைத் ‘தர வேண்டிய கடன்’ என்று செலவில் எழுதினால் லாபம் 27.5 கோடி குறையும். ‘தகராறில் உள்ளது, தரவேண்டி வரலாம், வராமலும் போகலாம்’ என்று அடிக்குறிப்பில் எழுதினால் லாபம் குறையவே குறையாது. இரண்டு ஆலைகளும் ஒரே கரும்பைத்தான் அரைத்தன, கையிலிருக்கும் காசும் ஒன்றுதான். ஏட்டில் மட்டும் ஒன்று நஷ்டம், இன்னொன்று லாபம்.

எது சரி? சட்ட ஆலோசனை, தீர்ப்பு வரும் வாய்ப்பு, தணிக்கையாளரின் பார்வை எல்லாவற்றையும் பொறுத்தது. நேர்மையாகவே அடிக்குறிப்பில் வைத்த ஆலையும் இருக்கலாம். ஆனால் அந்த ‘லாபத்தை’ நம்பி டிவிடெண்ட் கொடுத்து, புதிய கடன் வாங்கி, வேறு தொழிலில் போட்டுவிட்ட ஆலைக்கு, பாக்கியைத் தர வேண்டிய நாள் வரும்போது தரக் காசு இருக்காது. லாபத்தின் தரம் அன்றைக்குத்தான் வெளியே தெரியும்.

2016: மழை பொய்த்த வருடம்

அந்த நாள் தமிழ்நாட்டுக்கு 2016-ல் வந்தது. வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. 2011-12 பருவத்தில் 23 லட்சம் டன்னைத் தாண்டிய தமிழ்நாட்டின் சர்க்கரை உற்பத்தி, 2017-18-ல் 10 லட்சம் டன்னுக்கும் கீழே போனது.

கரும்பு இல்லை என்றால் அரவை இல்லை. ஆனால் வட்டி நிற்காது, சம்பளம் நிற்காது. அந்த நேரத்தில் ஒவ்வொரு ஆலையும் தன் கடைசிச் சேமிப்பைத் தேடியது.

கூட்டுறவு ஆலைகளுக்கு அரசு இருந்தது. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. ஆலை போன்றவை தடுமாறினாலும், அரசு கொடுக்கும் முன்பணமும் கடனும் அவற்றைப் பிடித்து நிறுத்தின. அதே மாவட்டத்தில் நெல்லிக்குப்பத்தில் பழம்பெரும் சர்க்கரை ஆலையை நடத்தும் ஈ.ஐ.டி. பாரிக்கும் அடி விழுந்தது. தமிழ்நாட்டில் சில ஆலைகளின் ஓட்டத்தையே அது நிறுத்தியது. ஆனால் அதன் கையில் வேறொன்று இருந்தது. உர நிறுவனமான கோரமண்டல் இன்டர்நேஷனலின் பங்குகளில் பாதிக்கு மேல் அதனிடம். 2020-ல் அதில் ஒரு சிறு பகுதியைச் சந்தையில் விற்று, கடனைக் குறைத்துக்கொண்டது.

கவனிக்க வேண்டியது, அந்தப் பங்குகள் உடனே விலைபோனதை. கோரமண்டலின் கணக்கைச் சந்தை நம்பியது, அதனால் வாங்க ஆள் இருந்தது. யாரும் நம்பாத கம்பெனியின் பங்கை எவ்வளவு வைத்திருந்தாலும், அவசரத்துக்கு விற்க முடியாது. நிதி நெகிழ்வு என்று ஆய்வறிக்கைகள் சொல்வதன் நடைமுறை அர்த்தம் இதுதான்.

மழையையும் விலையையும் குறை சொல்லும் ஆலைகளின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே வானத்தின் கீழே இருந்த ஆலைகளில் சில தாக்குப்பிடித்தன, சில விழுந்தன. வித்தியாசம் மழையில் இல்லை.

விவசாயி பெயர் எங்கே வருகிறது?

ஆலைக்குப் பதிவு செய்த விவசாயிக்கு, ஆலையின் பரிந்துரையில் வங்கி பயிர்க்கடன் தருவது நெடுநாளைய வழக்கம். வங்கி, ஆலை, விவசாயி என்று மூன்று தரப்பு ஒப்பந்தம். கரும்பு வந்ததும் ஆலை விலையில் கடன் தொகையைப் பிடித்துக்கொண்டு வங்கிக்குக் கட்டிவிடும். ஒழுங்காக நடந்தால் எல்லோருக்கும் வசதி: விவசாயிக்கு அலைச்சல் இல்லை, வங்கிக்கு வசூல் கவலை இல்லை, ஆலைக்குக் கரும்பு உறுதி.

இந்த ஏற்பாடு முழுக்க ஆலை என்ற நடு ஆளின் நேர்மையில் நிற்கிறது. அது இரண்டு விதமாக உடையலாம். பிடித்த பணத்தை ஆலை வங்கிக்குக் கட்டாமல் விடலாம். அல்லது, விவசாயியின் ஆவணங்களை வைத்துக் கடன் எடுக்கப்பட்டு, பணம் விவசாயி கைக்குப் போகாமலே இருக்கலாம். திருஆரூரான், அம்பிகா ஆலைகள் மீது விவசாயிகள் சொல்லும் புகார் இந்த வகையைச் சேர்ந்தது.

அப்படி ஒரு கடன் கம்பெனியின் கணக்கில் எப்படித் தெரியும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அது ஆலையின் வங்கிக் கடனாகவே தெரியாது. காகிதத்தில் கடன்காரர் விவசாயி. ஆலை ஜாமீன் கொடுத்திருந்தால், ‘வந்தால் வரும்’ பொறுப்பாக அடிக்குறிப்பில் ஒரு வரி. புதிதாகக் கடன் கொடுக்க வரும் வங்கிக்கு, ஆலையின் கடன் சுமை நிஜத்தைவிடக் குறைவாகத் தெரியும். வெளியே தெரியாத கடன்தான் இருப்பதிலேயே ஆபத்தான கடன். அதன் சுமை தெரிந்தே யாரும் அதைச் சுமக்க ஒப்புக்கொள்ளவில்லை.

வேறு விதமாகச் சொன்னால், சொந்த நெகிழ்வைத் தீர்த்துவிட்ட கம்பெனி, விவசாயியின் நெகிழ்வைச் செலவழிக்கிறது. 300 முதல் 900 வரை போகும் சிபில் மதிப்பெண் விழுவது கம்பெனிக்கு அல்ல, ஒரு தனிமனிதருக்கு.

நிர்வாகம் உடைந்தால் நல்ல சொத்தும் மாட்டிக்கொள்ளும்

இது சர்க்கரையோடு நிற்கும் கதை இல்லை. திட்டக்குடியிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால், பரங்கிப்பேட்டை பகுதியில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று நிற்கிறது. அதைக் கட்டியது ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமம்.

2018-ன் நடுப்பகுதி வரை அந்தக் குழுமத்துக்கு மிக உயர்ந்த ‘ஏஏஏ’ கடன் தரம். செப்டம்பரில் தவணை கட்ட முடியாமல் ‘டி’ தரத்துக்கு விழுந்தது. 91,000 கோடி ரூபாய் அளவுக்குக் கடன், 300-க்கும் மேற்பட்ட துணை நிறுவனங்கள். 2018 அக்டோபர் 1-ம் தேதி பழைய இயக்குநர் குழுவைக் கலைத்து, உதய் கோடக் தலைமையில் புதிய குழுவை அமைக்க நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அனுமதித்தது.

பிறகு வெளிவந்த விவரங்கள் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துபவை. குழுமத்தின் இடர் மேலாண்மைக் குழு 2015 முதல் 2018 வரை ஒரே ஒரு முறைதான் கூடியது என்று அரசுத் தரப்பு சுட்டிக்காட்டியது. குழுமத்தின் நிதி நிறுவனம், கடனைக் கட்ட முடியாதவர்களுக்குப் புதுக்கடன் கொடுத்து, அதிலேயே பழைய கடனை அடைக்க வைத்தது என்று தீவிர மோசடி விசாரணை அலுவலகம் குற்றம் சாட்டியது. அப்படிச் செய்தால் வராக்கடன் நல்ல கடனாகத் தெரியும். வராத வட்டி லாபமாகத் தெரியும். உச்சத் தரக் குறியீட்டுக்குக் கீழே இருந்த லாபத்தின் தரம் இதுதான் என்பது குற்றச்சாட்டின் சாரம்.

பரங்கிப்பேட்டை மின்நிலையம் கரண்ட் உற்பத்தி செய்யக்கூடிய நிஜச் சொத்து. இருந்தும் அதன் கடன்களும் குழுமத்தின் மொத்தச் சிக்கலுக்குள் மாட்டிக்கொண்டன. மும்பையில் ஒரு கமிட்டி கூடாமல் விட்டதன் விலையைக் கடலூர் கடற்கரையில் இருக்கும் கொதிகலன் கொடுத்தது.

திருப்பிப் போட்டுப் பார்த்தால்: சத்யம்

ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு 2009 ஜனவரி 7 மறக்காது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பொய் என்று கடிதம் எழுதிய நாள். 2008 செப்டம்பர் காலாண்டில் கம்பெனி காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி ரூபாய். நிஜம் 61 கோடி என்றது அந்தக் கடிதம். வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை.

பல்லாயிரம் ஊழியர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் கேள்விக்குறியானது. சில நாளிலேயே மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கி, கிரண் கார்னிக், தீபக் பரேக் உள்ளிட்டோரை நியமித்தது. அடுத்த மாதமே வங்கிகள் 600 கோடி ரூபாய் கடனுக்கு ஒப்புதல் தந்தன. ஏப்ரலில் டெக் மகிந்திரா கம்பெனியை வாங்க முன்வந்தது.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். கணக்கில் இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. தணிக்கை முடியவில்லை. ஆனாலும் கடன் கிடைத்தது. மாறியது ஒன்றே ஒன்று: மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள். இனி சொல்லப்படும் எண் பொய்யாக இருக்காது என்ற நம்பிக்கை வந்ததும், பணம் வந்தது. நிர்வாகத்தின் நேர்மைக்கு ரூபாயில் மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

திவாலான பிறகு யாருக்கு எவ்வளவு?

ஆலை விழுந்த பிறகு என்ன நடக்கிறது? 2016-ம் ஆண்டின் திவால் சட்டப்படி, கம்பெனியை யாருக்கு, என்ன விலைக்கு விடுவது என்பதைக் கடன் கொடுத்த நிதி நிறுவனங்களின் குழுதான் வாக்களித்து முடிவு செய்கிறது. கரும்பு கொடுத்த விவசாயி இந்தச் சட்டத்தின் கண்ணில் ‘செயல்பாட்டுக் கடனாளர்’. அவருக்கு அந்தக் குழுவில் வாக்கு இல்லை. கம்பெனியைக் கலைத்து விற்றாலும், அடமானம் வைத்திருக்கும் வங்கிகளும் தொழிலாளர் பாக்கியும் வரிசையில் முன்னால். கரும்புப் பாக்கி பின்னால்.

திருஆரூரான் ஆலையைத் திவால் நடைமுறை வழியே கால்ஸ் நிறுவனம் எடுத்தது. தீர்வுத் திட்டம் ஒதுக்கிய தொகையோடு பழைய பாக்கி முடிந்தது என்பதை விவசாயிகள் ஏற்கவில்லை. முழுப் பாக்கியையும் வட்டியோடு தர வேண்டும், தங்கள் பெயரிலுள்ள கடனை ஆலையே தீர்க்க வேண்டும் என்று தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடி ஆலை முன்பு 2022 நவம்பர் 30-ம் தேதி உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஒரு வருடத்தையும் தாண்டிப் போனது.

இங்கே ஓர் அநியாயமான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கம்பெனியின் கடனில் வங்கிகள் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, கம்பெனிக்குப் புது வாழ்வு கொடுக்க முடியும். சட்டமே அதற்காகத்தான். ஆனால் விவசாயி பெயரில் எழுதப்பட்ட கடன் வங்கிப் புத்தகத்தில் விவசாயியின் கடன். கம்பெனிக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதற்கு தானாகக் கிடைக்காது.

எதைப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும்?

பங்கு வாங்குகிறவருக்கு மட்டும் இந்தக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேருகிறவர், அதற்குச் சரக்கு கொடுக்கிறவர், அதன் பத்திரத்தில் அப்பாவின் ஓய்வூதியப் பணத்தைப் போடுகிறவர் எல்லோரும் கடன் கொடுத்தவர்களே. பட்டியலிட்ட கம்பெனியின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசம். அரை மணி நேரத்தில் பார்க்கக்கூடியவை:

ஐந்து வருட லாபத்தைக் கூட்டுங்கள். ஐந்து வருடத்தில் தொழில் மூலம் வந்த ரொக்கத்தையும் கூட்டுங்கள். இரண்டாவது தொகை முதலாவதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் ஏன் என்று தேடுங்கள். ஒரு வருடம் குறைந்தால் பரவாயில்லை, தொடர்ந்து குறைந்தால் யோசிக்க வேண்டும்.

வரவேண்டிய பாக்கியும் விற்காத சரக்கும் விற்பனையைவிட வேகமாக வளர்கின்றனவா?

அடிக்குறிப்பில் உள்ள ‘வந்தால் வரும்’ பொறுப்புகள், யாருக்காவது கொடுத்த ஜாமீன்கள், கம்பெனியின் சொந்த மூலதனத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு?

முதலாளி குடும்பத்தின் வேறு கம்பெனிகளுக்குக் கடனும் முன்பணமும் போகிறதா? முதலாளிகள் தங்கள் பங்குகளை எவ்வளவு அடமானம் வைத்திருக்கிறார்கள்?

தணிக்கையாளரோ, சுயேச்சை இயக்குநரோ பாதியில் விலகினார்களா? 2019 அக்டோபரில் செபி கொண்டுவந்த விதிப்படி, தணிக்கையாளர் சும்மா ‘சொந்தக் காரணம்’ என்று சொல்லிவிட்டு நடுவில் நழுவ முடியாது. காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இவற்றில் எந்த ஒன்றும் மோசடிக்குச் சாட்சி ஆகாது. வேகமாக வளரும் நல்ல கம்பெனியிலும் ரொக்கம் லாபத்துக்குப் பின்தங்கலாம். ஆனால் மூன்று நான்கு சேர்ந்து வந்தால், அந்தக் கம்பெனிக்குக் கெட்ட காலத்தில் கைகொடுக்க ஆள் குறைவு என்று அர்த்தம்.

ஆண்டறிக்கை படிக்க முடியாதவர்களுக்கு?

கரும்பு விவசாயி ஆண்டறிக்கை படித்து ஆலையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் நிலம் எந்த ஆலையின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை அரசு ஒதுக்குகிறது. கரும்பு போக வேண்டியது அந்த ஆலைக்குத்தான். பங்குதாரர் பிடிக்கவில்லை என்றால் பங்கை விற்றுவிட்டுப் போகலாம். ஊழியர் வேறு வேலை தேடலாம். வெட்டிய கரும்போ சில நாள் நின்றாலே எடையும் இனிப்பும் குறையும். இருப்பவர்களில் கணக்கை நம்பியே ஆக வேண்டிய கட்டாயத்தில் இருப்பவரும், அதைப் பார்க்க உரிமை குறைந்தவரும் அவரே.

அதனால் பாதுகாப்பும் அவர் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். விவசாயி பெயரிலான கடன் அவர் சொந்தக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். அனுமதி கொடுக்கும் முன் வங்கி அவரிடம் நேராகப் பேச வேண்டும். ஆலை பிடித்த தொகை வங்கியில் வரவானதா என்பது அவர் கைப்பேசிக்குத் தமிழில் வர வேண்டும். 14 நாள் விதியை மீறும் ஆலைகளின் பாக்கி, பருவம் முடிந்த பிறகு அல்ல, பருவம் நடக்கும்போதே பொதுவில் தெரிய வேண்டும். ஆலை தள்ளாடத் தொடங்குவதை முதலில் காட்டும் எண் அந்தப் பாக்கிதான். தரக் குறியீடு விழுவதெல்லாம் அதற்குப் பிறகே நடக்கும்.

இதில் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. நூறு ரூபாய் யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கே நொடியில் குறுஞ்செய்தி வருகிற நாட்டில், ஒருவர் பெயரில் லட்சக்கணக்கில் கடன் ஏறுவதை அவர் வங்கி வாசலில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தங்கள் பெயரில் ஏறிய கடன் தங்களுடையது அல்ல என்று நிரூபிக்கும் வேலை இன்றைக்கு விவசாயிகள் தலையில் விழுந்திருக்கிறது. கடன் கொடுக்கும்போது வங்கி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.